கழற்றப்படாத பேனர்: 2014 ஜே1 சீசனில் உராவா ரெட்ஸ்

எதைப் பற்றிய பதிவு

ஜப்பான் கால்பந்தின் முதல்நிலைப் போட்டியான ஜே1 லீகில், தண்டனையாக ஓர் ஆட்டம் பார்வையாளர் யாருமின்றி நடத்தப்பட்டது 2014 மார்ச் மாதத்தில்தான் முதல்முறை. அதற்குக் காரணம் கேலரி வாசலில் தொங்கிய ஒரு வெள்ளைத் துணி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் துணி இருப்பது தெரிந்த பிறகும் கழற்ற வேண்டியவர்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழற்றாமல் விட்டது.

பேனர் கட்டியவர்கள், வாசலில் இருந்த காவலர்கள், கிளப் ஊழியர்கள் யாருடைய பெயரும் இதில் வராது. பதவியில் இருந்து பகிரங்கமாக முடிவெடுத்தவர்கள், ஆடிய வீரர்கள் ஆகியோர் பெயர் மட்டும் தேவைப்பட்ட இடத்தில் வரும்.

பின்னணி

உராவா ரெட்ஸ் தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா நகரத்து அணி. 2006-இல் ஜே1 பட்டம், 2007-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டும் வென்றது. கூட்டம் சேர்ப்பதில் ஜப்பானில் அதற்கு நிகரான அணி கிடையாது. அதன் சொந்த மைதானமான சைத்தாமா ஸ்டேடியத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். 2002 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட அந்த மைதானத்தில்தான் பிரேசிலும் துருக்கியும் அரையிறுதி ஆடின.

ஜப்பானிய மைதானங்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரி தனி உலகம். முரசு, கொடி, பாட்டு எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். எந்தப் பாட்டை எப்போது எடுப்பது, யார் எங்கே நிற்பது என்பதை ரசிகர் குழுக்களே முடிவு செய்யும். நூற்றுக்கணக்கான பேனர்களை ஆட்டத்துக்கு முன்பே வந்து கட்டுவதும் அவர்கள்தான். கிளப்புக்கு இது பெரிய லாபம். காசு கொடுத்தாலும் கிடைக்காத ஆரவாரம் இலவசமாகக் கிடைக்கிறது. பதிலுக்கு அந்தக் கேலரியை அவர்கள் வீடு மாதிரி நடத்த விட்டுவிடுகிறது நிர்வாகம். உராவாவில் இந்த ஏற்பாடு மற்ற அணிகளைவிட ஆழமாக வேரூன்றியிருந்தது.

அதன் விலையும் முன்பே தெரிந்ததுதான். 2008 மே மாதம் கம்பா ஒசாகாவுடனான ஆட்டத்தில் இரு தரப்பு ரசிகர்களும் மோதிக்கொண்டதற்கு உராவாவுக்கு 2 கோடி யென் அபராதம். 2010-இல் செந்தாய் அணியினரை நோக்கி ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு 50 லட்சம் யென். 2013 ஆகஸ்டில் சிமிசு அணியின் பேருந்தை நோக்கிப் பட்டாசு வீசியதற்கு 1 கோடி யென். மூன்று முறையும் கிளப் பணத்தைக் கட்டியது, மன்னிப்புக் கேட்டது, அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானது. கோல் கம்பத்துக்குப் பின்னால் எதுவும் மாறவில்லை.

2014 தொடங்கும்போது இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஜனவரியில் லீ ததனாரி உராவாவில் சேர்ந்தார். தோக்கியோவில் பிறந்த கொரிய வம்சாவளிக்காரர். 2007-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். 2011 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல்தான் ஜப்பானுக்குக் கோப்பையைக் கொடுத்தது. இரண்டாவது, ஜனவரி 31 அன்று முராய் மித்சுரு ஜே லீகின் தலைவரானார். அவர் தொழில்முறைக் கால்பந்து ஆடி வந்தவர் அல்ல, நிறுவன நிர்வாகத்திலிருந்து வந்தவர். மார்ச் 8 வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது.

மார்ச் 8: வாசலில் தொங்கிய துணி

சீசனின் இரண்டாவது சுற்று, உராவாவுக்குச் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரணி சகன் தொசு. முந்தைய வாரம் ஒசாகாவுக்குப் போய் கம்பாவை 1-0 என்று வென்று வந்திருந்ததால் எதிர்பார்ப்பு அதிகம்.

உராவா ரசிகர்களின் கேலரிக்குள் நுழையும் 209-ஆம் எண் வாயிலுக்கு மேலே, நடைபாதையில் வருபவர்களின் கண்ணில் படும்படி அந்தப் பேனர் கட்டப்பட்டிருந்தது. வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து, பக்கத்தில் ஜப்பான் கொடி. 'ஜாப்பனீஸ் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஜப்பானியருக்கு மட்டும்.

பேனர்கள் வழக்கமாக ஆடுகளத்தைப் பார்த்துத் தொங்கும். வீரர்கள் படிப்பதற்காகவும் தொலைக்காட்சியில் தெரிவதற்காகவும் கட்டப்படுபவை அவை. இது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே வருகிறவரைப் பார்த்துத் தொங்கியது. அதனால்தான் அதை ஓர் ஆதரவு வாசகம் என்று யாராலும் பின்னால் வாதாட முடியவில்லை. கடை வாசலில் மாட்டுகிற அறிவிப்புப் பலகையின் இடத்தில் அது இருந்தது.

ஜப்பானில் அந்த வாசகத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஹொக்கைதோ தீவின் ஒத்தாரு நகரில் ஒரு வெந்நீர்க் குளியல் கூடம் இதே போன்ற அறிவிப்பை மாட்டி வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பியது. ஜப்பானியக் குடியுரிமை பெற்ற பிறகும் தோற்றத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் உட்பட மூவர் வழக்குப் போட, 2002-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆகவே இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டோம் என்பது அந்த நாட்டில் எளிதில் செல்லுபடியாகாது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பேனர் பற்றிய தகவல் காவலர்கள் வழியாகக் கிளப் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. இங்கிருந்துதான் இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி ஆரம்பமாகிறது. தகவல் போனதும் நாற்காலி போட்டு ஏறி அவிழ்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு பேனரை அகற்றுவதென்றால் அதைக் கட்டியவர்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு அகற்றுவதே அங்கே வழக்கம். கட்டியவர்களோ கேலரிக்குள் ஆட்டத்தில் மூழ்கியிருக்கிறார்கள். காவலர்கள் கிளப்பின் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள், கிளப் ரசிகர்களின் சம்மதத்துக்குக் காத்திருந்தது. இடையில் அந்த வாயில் வழியாக மக்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகே பேனர் இறங்கியது. அதற்குள் யாரோ எடுத்த படம் ட்விட்டரில் பரவிவிட்டது.

ஆட்டத்தில் உராவா 0-1 என்று தோற்றது. அன்று மாலை அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

மார்ச் 8 முதல் 13 வரை

முதலில் வாய் திறந்தவர் கிளப் அதிகாரி அல்ல. தற்காப்பு வீரர் மகினோ தொமோஅகி அன்றிரவே தன் ட்விட்டர் பக்கத்தில் வருத்தத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். ஜப்பானிய அணிகளில் ஒரு வீரர் சொந்த ரசிகர்களைக் குறைசொல்வது அபூர்வம். கிளப்போ விசாரிக்கிறோம் என்ற அளவில் நின்றது.

விசாரணையில் பேனர் கட்டியவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் இதுதான்: கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள இடம் எங்களுக்குப் புனிதமானது, அண்மைக் காலமாக வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அதிகமாக வருகிறார்கள், அவர்கள் வந்தால் ஒரே குரலாகப் பாட முடிவதில்லை, கட்டுப்பாடு குலைகிறது, இனவெறி நோக்கம் எதுவும் இல்லை.

லீ ததனாரியைக் குறிவைத்த பேனர் இது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. கட்டியவர்கள் சொன்ன காரணத்தில் அவர் வரவில்லை. உண்மை எதுவோ, அவர்கள் சொன்ன விளக்கத்தையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும் குற்றம் குறையவில்லை என்பது என் கருத்து. சத்தம் போடுகிறவர், குடித்துவிட்டு வருகிறவர், பாட்டு தெரியாதவர் என்று நடத்தையை வைத்து அவர்கள் பிரிக்கவில்லை. பிறப்பை வைத்துப் பிரித்தார்கள். அதே கேலரி ஆட்டத்துக்கு ஆட்டம் கைதட்டி வரவேற்ற பயிற்சியாளர் மிகைலோ பெத்ரோவிச் ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிளப் இந்த நோக்க வாதத்தில் சிக்கிக்கொள்ளாதது நல்ல முடிவு. நோக்கம் எதுவானாலும் படிக்கிறவருக்கு அது பாகுபாடாகத்தான் படும் என்று ஒப்புக்கொண்டது. மார்ச் 13 அன்று தன் தரப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. சம்பந்தப்பட்ட குழுவைச் சேர்ந்த சுமார் 20 பேருக்கும் காலவரையற்ற மைதானத் தடை விதித்தது. உராவா ரசிகர்கள் எந்த மைதானத்துக்கும் பேனரோ கொடியோ கொண்டுவரக் கூடாது என்றது. கிளப் தலைவர் தன் ஊதியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அபராதம் ஏன் போதாது என்று முடிவானது

அதே நாள் முராய் லீகின் தண்டனையை அறிவித்தார். எழுத்துமூலக் கண்டனம், அத்துடன் மார்ச் 23 அன்று சிமிசு எஸ்-பல்ஸுடன் நடக்கவிருந்த ஆட்டம் பார்வையாளர் இன்றி நடக்க வேண்டும்.

இந்த முடிவின் தர்க்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, ஃபிஃபா 2013 மே மாதம் மொரிஷியஸில் கூடியபோது இனவெறிக்கு எதிரான தீர்மானம் நிறைவேற்றி, எச்சரிக்கை, அபராதம், ஆளில்லாத ஆட்டம், கடுமையானவற்றுக்குப் புள்ளிக் குறைப்பு, வெளியேற்றம் என்று படிகளை வகுத்திருந்தது. ஆகவே ஆளில்லாத ஆட்டம் முராய் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, கையில் இருந்த கருவி. இரண்டாவது, மூன்று அபராதங்கள் ஏற்கெனவே வீணாகியிருந்தன. இவ்வளவு பெரிய கூட்டம் வரும் கிளப்புக்குச் சில கோடி யென் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மூன்றாவதுதான் முக்கியம். தண்டனை பேனர் எழுதியவர்களுக்கானது அல்ல, பேனர் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தும் தொங்கவிட்ட கிளப்புக்கானது.

எதிர்ப்பும் நியாயமானதே. ஒரு சிறு குழு செய்ததற்கு சீசன் டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? சிமிசு ரசிகர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஏழு மாதத்துக்கு முன்பு உராவா ரசிகர்களின் பட்டாசைச் சந்தித்ததும் இதே சிமிசு அணிதான். இப்போது உராவா செய்த தவறுக்கு அவர்களுடைய ரசிகர்களும் வாசலுக்கு வெளியே. இந்தக் கேள்விக்கு முழுத் திருப்தியான பதில் எதையும் நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேலரியில் பேனரைப் பார்த்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. நூற்றுக்கணக்கானோர் அந்த வாயிலைக் கடந்து உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் படமெடுத்தார்கள், சிலர் புகார் சொன்னார்கள், பெரும்பாலோர் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள். அந்த மௌனத்தையும் லீக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்றே நான் படிக்கிறேன்.

மார்ச் 15-ஆம் தேதி ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தில் உராவா ரசிகர்கள் ஒரு துணிகூட இல்லாமல் நின்றார்கள். உராவா 2-0 என்று வென்றது.

மார்ச் 23: யாருமில்லாத ஆட்டம்

அறுபதாயிரம் இருக்கைகளும் காலி. பத்திரிகையாளர்களும் பணியாளர்களும் மட்டும் உள்ளே. வீரர்கள் பயிற்சியின்போது 'ஸ்போர்ட்ஸ் ஃபார் பீஸ்' என்று எழுதிய டி-சட்டை அணிந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் கேப்டன் அபே யூகி மைக்கின் முன் நின்று பாகுபாட்டை ஏற்கமாட்டோம் என்ற உறுதிமொழியை வாசித்தார். எதிரே கேட்க ஆளில்லாத ஓர் உறுதிமொழி. தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்ததால் அது வீட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் பாதியில் சிமிசு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ஹராகுச்சி கென்கி சமன் செய்தார். 1-1.

சிமிசுவின் பயிற்சியாளர் அஃப்ஷின் கோத்பி ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வெளிநாட்டவர் வேண்டாம் என்ற பேனருக்குத் தண்டனையாக நடந்த ஆட்டத்தில், இரண்டு பக்கப் பெஞ்சிலும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லாததால் ஒவ்வொரு கத்தலும் கேட்டது.

தண்டனையைத் தொடர்ந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த குழுக்கள் பல தாமாகவே கலைந்தன. ஒரே நாளில் அந்தக் கேலரியின் பழைய அதிகார அடுக்கு சரிந்தது என்று சொல்லலாம். தடை விதித்த கிளப் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மாற்றம் இது.

ஆகஸ்ட்: இன்னொரு மைதானம்

அதே சீசனில் ஆகஸ்ட் 23 அன்று யொகொஹாமாவில் எஃப் மரினோசும் கவாசாகி ஃப்ரொந்தாலேவும் மோதின. மரினோஸ் ரசிகர் ஒருவர் கவாசாகியின் பிரேசில் வீரர் ரெனாதோவை நோக்கி வாழைப்பழத்தை ஆட்டிக் காட்டினார். படம் பரவியது. இம்முறை மரினோஸ் கிளப் உடனடியாக ஆளைக் கண்டுபிடித்துக் காலவரையற்ற தடை விதித்து மன்னிப்பும் கேட்டது.

லீக் மரினோசுக்கு விதித்தது 50 லட்சம் யென் அபராதமும் கண்டனமும். ஆளில்லாத ஆட்டம் இல்லை. உராவாவுக்கு ஒரு நீதி, மரினோசுக்கு ஒரு நீதியா என்று கேட்டவர்கள் உண்டு. பார்வைக்கு வாழைப்பழம் இன்னும் அசிங்கமான செயல். ஆனால் அது ஒரு தனிமனிதர் சில நொடிகளில் செய்தது, கிளப் தெரிந்தவுடன் செயல்பட்டது. உராவாவில் சிலர் சேர்ந்து கட்டினார்கள், கிளப் தெரிந்த பிறகும் காத்திருந்தது. இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மார்ச் முடிவின் அளவுகோல் புரிகிறது. குற்றத்தின் கொடூரத்தைவிடக் கிளப்பின் தாமதம் கனமாக நிறுக்கப்பட்டது.

சீசன் முடிந்த விதம்

18 அணிகள், 34 சுற்றுகள். பிரேசில் உலகக் கோப்பைக்காக லீக் இடைவேளை விட்டபோது கம்பா ஒசாகா 16-ஆம் இடத்தில், இரண்டாம்நிலை லீகுக்கு இறக்கப்படும் நிலையில் கிடந்தது. 2013 முழுவதும் இரண்டாம்நிலை லீகில் ஆடிவிட்டு அப்போதுதான் மேலேறி வந்த அணி அது. உராவா மேலே இருந்தது.

நவம்பர் 22 அன்று கம்பா சைத்தாமாவுக்கு வந்தபோது உராவா 5 புள்ளி முன்னிலையில் இருந்தது, மீதி மூன்றே ஆட்டங்கள். அன்று வென்றிருந்தால் அங்கேயே பட்டம். 0-2 என்று தோற்றது. அடுத்து தொசுவுக்குப் போய், வெற்றி கைக்குள் வந்துவிட்ட நிலையில் கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-1. டிசம்பர் 6 அன்று கடைசி ஆட்டம், சொந்த மைதானம், எதிரணி நகோயா. இரண்டாவது நிமிடத்திலேயே மகினோ கோல் போட்டார், முடிவில் 1-2. தொகுஷிமாவில் 0-0 என்று டிரா செய்த கம்பா 63 புள்ளிகளோடு சாம்பியன், உராவா 62.

ஒரே ஒரு புள்ளி. ஆளில்லாத அந்த ஆட்டத்தில் இழந்தது இரண்டு புள்ளி. பேனர்தான் பட்டத்தைப் பறித்தது என்று எழுதுவது எளிது, பலர் எழுதவும் செய்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூட்டம் இருந்திருந்தால் சிமிசுவை வென்றிருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நவம்பரில் கம்பாவிடமும் டிசம்பரில் நகோயாவிடமும் தோற்றபோது கேலரி நிரம்பி வழிந்தது. கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்பதுக்கு ஒரே ஒரு புள்ளி எடுத்த அணி மார்ச் மாதத்தைக் காரணம் காட்ட முடியாது.

எதைச் சரியாகச் செய்தார்கள், எதை வேறுவிதமாகச் செய்யலாம்

லீகின் முடிவு ஐந்து நாளில் வந்தது. சீசன் தொடக்கத்தில் வந்ததால் எல்லாக் கிளப்புகளும் அதைப் படித்தன, ஆகஸ்டில் மரினோஸ் காட்டிய வேகத்துக்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். நோக்கம் என்ன என்ற விவாதத்துக்குள் போகாமல், படிக்கிறவர் கண்ணோட்டத்தில் தீர்ப்புச் சொன்னதும் சரி.

ஒட்டுமொத்த பேனர் தடை எனக்கு உறுத்துகிறது. முதல் சில ஆட்டங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் எதைத் தொங்கவிடலாம், எதைக் கூடாது என்று படித்துப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பைக் கிளப் மறுபடியும் தட்டிக்கழித்தது போல அது தெரிகிறது. முன்பு எல்லாவற்றையும் விட்டது, பிறகு எல்லாவற்றையும் தடுத்தது. இரண்டிலும் ஊழியர் ஒருவர் பேனரைப் படிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இதே நிலை இன்னொரு மைதானத்தில் வந்தால், கட்டியவரின் சம்மதம் என்ற படியை முதலில் எடுத்துவிட வேண்டும். வாயிலில் நிற்கும் காவலருக்கே கழற்றும் அதிகாரம் இருக்க வேண்டும், சந்தேகமிருந்தால் முதலில் கழற்றிவிட்டு அப்புறம் கேட்கலாம். தவறாகக் கழற்றிவிட்டால் மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கட்டிக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கதவு திறப்பதற்கு முன் நடைபாதைப் பக்கம் ஒருவர் சுற்றிவர வேண்டும், ஆடுகளத்தை மட்டும் பார்த்து நிற்கும் கேமராக்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது.

கேலரியிடம் தயங்கி நிற்கும் பழக்கம் உராவாவில் ஒரே தண்டனையில் போய்விடவில்லை. 2023 ஆகஸ்ட் 2 அன்று பேரரசர் கோப்பையில் நகோயாவிடம் 0-3 என்று தோற்ற இரவு, உராவா ரசிகர்கள் தடுப்புகளைத் தாண்டி ஆடுகளத்துக்குள் பாய்ந்து எதிர்த்தரப்புப் பக்கம் போனார்கள். கிளப்பின் ஆரம்ப அறிக்கைகள் நடந்ததைக் குறைத்துச் சொல்வதாக விமர்சிக்கப்பட்டன. செப்டம்பரில் ஜப்பான் கால்பந்துச் சங்கம் அடுத்த ஆண்டுப் பேரரசர் கோப்பையில் கலந்துகொள்ளும் உரிமையை உராவாவிடமிருந்து பறித்தது.